காசு ருசித்த வருஷம்

காரைக்காலில் விற்கிற விஸ்கியெல்லாம், தன்னை வாங்கிய காசு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் ருசியை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில். முதலில் அதை நாக்கில் கண்டவர் பக்கிரிசாமி. அவர் அதை அதிசயம் என்று நினைக்கவில்லை, டூப்ளிகேட் என்று நினைத்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பத்தோரு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தராசுத் தட்டின் அடியில் ஒட்டவைத்த புளியை நகத்தால் சுரண்டி எடுத்தவர், படிக்கல்லின் வயிற்றைக் குடைந்து ஈயத்தை உருவியிருந்ததைக் கையில் தூக்கிப் பார்த்தே சொன்னவர், மண்ணெண்ணெய்க் குவளையின் அடியை உள்பக்கமாகத் தட்டி ஒடுக்கியவனை நடுத்தெருவில் வைத்து வெட்கப்படுத்தியவர். கடைக்காரன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று பார்ப்பார், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்ப்பார். கால் கிலோ காராபூந்தி வாங்கினால்கூட வீட்டிலிருந்த சின்னத் தராசில் ஒருதரம் போட்டுப் பார்த்த பிறகுதான் வாயில் போடுவார். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காத மனுஷன் என்பது, பெயருக்கு முன்னால் போடுகிற பட்டம்போல ஊரில் அவருக்கு இருந்தது.

அவருக்கு இருந்த ஒரே ஆசை விஸ்கி. அதுவும் குடிகாரன் ஆசை இல்லை. வாரத்தில் ஒரே ஒரு பகல், கட்டைவிரல் உயரத்துக்கு ஊற்றி, மோந்து, உருட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மோந்து, ஒரு மணி நேரத்தை அதற்குள் கரைத்துவிடுகிற ஆசை. கூட மூன்று பேர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து மாதாமாதம் யூரோவில் பென்ஷன் வாங்குகிற அந்துவான். ஊர் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்று கூப்பிடும். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கட்டி அனுப்புகிற தனராஜ், நால்வரில் வயதில் சின்னவர். ஆஸ்பத்திரி ரோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிற இளங்குமரன், பக்கிரிசாமியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். ஞாயிறு பதினொரு மணிக்கு முசே வீட்டு மாடியில், பச்சை மரச்சட்ட ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள். சோடா கிடையாது, ஊறுகாய் கிடையாது, சிகரெட் பிடிக்கக் கூடாது. ஒரு வாரம் ஒருவர் பாட்டில். கொண்டுவருகிறவர் அதைத் தினத்தாளில் சுற்றிக் கொண்டுவர வேண்டும், பெயர் தெரியக் கூடாது, தன் காசில் வாங்கியதாக இருக்க வேண்டும். நிறத்துக்கு மார்க், மணத்துக்கு மார்க், நாக்குக்கு, தொண்டைக்கு. பிறகு தாளைப் பிரித்து, பெயரையும் விலையையும் சொன்ன பிறகு, கடைசிக் கட்டத்தில் 'விலைக்குத் தகுமா' என்று ஒரு மார்க். சண்டையெல்லாம் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். தொள்ளாயிரம் ரூபாய் கலப்பு விஸ்கி ஒன்று ஐயாயிரம் ரூபாய் சிங்கிள் மால்ட்டை அரை மார்க்கில் தோற்கடித்த வாரத்தில், முசே மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நோட்டுப் புத்தகம் பக்கிரிசாமியின் கையில் இருந்தது. அவர் எழுதினால் அதில் யாரும் கைவைக்க மாட்டார்கள்.

அந்த ஆவணி ஞாயிறு தனராஜின் முறை. ஊற்றினார்கள். பக்கிரிசாமி மோந்தார், வாயில் வைத்தார், கீழே வைத்துவிட்டார்.

"ஈரச் சாக்கு" என்றார்.

முசே இரண்டாவது முறை உறிஞ்சிவிட்டு, தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சு. டீசல் வாடை அடிக்குது. உப்பு. யாரோ விடியக்காலையில வெறுங்கையால ஐஸ் உடைக்கிற மாதிரி இருக்கு."

தனராஜ் தாளைப் பிரித்தார். கிளென் டாரக், பன்னிரண்டு வருஷத்துச் சரக்கு, போன சித்திரையில் எண்பத்தாறு மார்க் வாங்கி, தேனும் பேரீச்சம்பழமும் என்று பக்கிரிசாமியின் கையெழுத்திலேயே புகழப்பட்ட அதே பாட்டில்.

"டூப்ளிகேட்" என்றார் பக்கிரிசாமி, எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு. நாலு பேரும் வெயிலில் நடந்து, பாட்டில் வாங்கிய சுப்புராயலுவின் மதுக்கடைக்குப் போனார்கள்.

சுப்புராயலு, முத்திரையைக் காட்டினார், தொகுதி எண்ணைக் காட்டினார், பெட்டியையே எடுத்துக் கவுண்டரில் வைத்தார். அதே பெட்டியிலிருந்து, பக்கத்துப் பாட்டிலை முசே தன் காசு கொடுத்து வாங்கினார். அங்கேயே உடைத்து ஊற்றினார்கள். சாக்கு இல்லை, டீசல் இல்லை. வெந்த மணல், தகரக் கொட்டகைச் சூடு, வீட்டுக் கடிதத்தைப் பலதரம் மடித்துப் பிரித்த காகிதத்தின் வாடை. முசே கண்ணை மூடிக்கொண்டு, "சாது" என்றார். "ஆப்பிரிக்காவுல, சாது நாட்டுல, பட்டாளத்தோட ரெண்டு வருஷம் இருந்தேன். இது அந்த ஊரு." தனராஜை இன்னொன்று வாங்கச் சொன்னார்கள், மறுபடி விரல் மரத்தது. கடை வாசலில் ஆட்டோவை நிறுத்திக் கால் பாட்டில் வாங்க வந்தவரிடம் கெஞ்சி ஒரு மூடி வாங்கிக் குடித்தார்கள். முதுகெலும்பின் அடியில் விண்ணென்று ஒரு வலி, அதோடு பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கிற சந்தோஷம் போல ஒரு லேசான இனிப்பு. ஆட்டோக்காரர், "எம் பொண்ணை இறக்கிவிட்டுட்டு நேரா வர்றேங்க" என்றார்.

"சாரும் ஒன்னு வாங்கிப் பாருங்களேன்" என்றார் சுப்புராயலு.

"சோதனை போடுறவன் தட்டுல ஏறி உக்காரக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பக்கிரிசாமி நோட்டில் எழுதினார்: பாட்டிலில் குற்றமில்லை. காசில் இருக்கிறது.

ஊர் அதை மூன்று நாளில் தெரிந்துகொண்டது, பத்து நாளில் பழகிக்கொண்டது. ஏன் வந்தது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். துறைமுகத்தில் ஏதோ கப்பல் வந்துபோனது என்றார்கள், தண்ணீர் என்றார்கள், பிறகு அதை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். பெண் பார்க்கப் போனால் மாப்பிள்ளையின் தகப்பனார் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்த காசில் ஒரு கால் பாட்டில் வாங்கித் தர வேண்டும் என்றும், பெண்ணின் தாய்மாமன் அதில் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினால்தான் தட்டை மாற்றுவது என்றும் புரட்டாசி பிறக்கும் முன்பே வழக்கமாகிவிட்டது, தாய்மாமன்மார்களும் அந்தப் பருவத்தில் தெளிவாக நடமாடவில்லை. நாற்று நடுகிற பெண்களின் நூறு ரூபாய் நோட்டு பஸ் நிலையத்தில் நூற்றிருபதுக்குப் போனது. ஆனால் அப்படி மாற்றி வாங்கிய நோட்டில் எடுத்த பாட்டிலில் சேற்று மணத்துக்கு மேலே மாற்றினவனின் பயமும் மிதந்தது என்று தெரிந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. புதுச்சேரியிலிருந்து அதிகாரிகள் வந்து அரசாங்கச் செலவில் ஆறு பாட்டில் வாங்கிக் குடித்துப் பார்த்தார்கள். பழைய கோப்பின் தூசி தவிர அதில் ஒன்றும் இல்லை, அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள்.

பிராந்திக்கு இந்த வியாதி வரவில்லை. ரம்முக்கும் இல்லை. ஆகவே ஒரு காண்டிராக்டர், தன் கிளாசில் ஊறின சிமெண்டும் ஒழுகுகிற கூரையும் வருகிறதென்று பிராந்திக்கு மாறினார், அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் மாறினார்கள், பிறகு கடையில் பிராந்தி என்று கேட்கிறவனை ஊர் ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்தது. பிறந்ததிலிருந்து பிராந்தி மட்டுமே குடித்த ஒரு பாவப்பட்ட தபால்காரர்கூட அதைத் துணிப்பையில் மறைத்துக்கொண்டு போகவேண்டி வந்தது. குடிக்காத பெண்களுக்கு மூக்கு இருந்தது. புருஷன் பாட்டிலைத் திறக்கிற சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து வந்து வாசற்படியில் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் சில நாள் பேச்சு குறைந்திருக்கும்.

தனராஜ் மட்டும் ஐஸ் உடைக்கிறவர்களுக்கு ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தார். அடுத்த பாட்டிலில் விரல் மரப்பு பாதியாகக் குறைந்திருந்தது. அதைக் குடித்துவிட்டு அவர் அழுததை மற்றவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

மாடியில் கூட்டம் நின்றுபோகவில்லை. பழைய கட்டங்களை அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். ஆனால் முன்னே பாட்டிலைப் பார்த்தவர்கள் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிளாசைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கதவின் சந்து வழியே எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது, அது பக்கிரிசாமிக்குப் பிடித்தும் இருந்தது. முப்பது வருஷமாகத் தட்டைக் கவிழ்த்துத் தேடியதை இப்போது உட்கார்ந்த இடத்திலேயே நாக்கால் தேடலாம்.

புரட்டாசி முதல் ஞாயிறு இளங்குமரன் முறை. சில்வர் ஹெரான், பதினெட்டு வருஷம், அவர் வாழ்க்கையிலேயே அதிக விலை கொடுத்து வாங்கியது. பெண்ணுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் வாங்கியிருந்தார்.

முதல் வாயிலேயே அறை மாறியது. நனைத்து நெற்றியில் போட்ட துணி. கசப்பு. ஆஸ்பத்திரி நடைபாதையில் விடியும்வரை நிற்கிற யாரோ ஒருத்தியின் காய்ந்த தொண்டை. கடைசியில், எங்கோ தூரத்தில், ஒரு குழந்தை முனகுகிற மாதிரி.

முசே கிளாசை மெல்ல வைத்தார். தனராஜ் ஜன்னலைப் பார்த்தார். பக்கிரிசாமி மட்டும் இளங்குமரனையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் காலாவதியான சிரப் என்று ஊரில் ஒரு பேச்சு எழுந்து அடங்கியிருந்தது. எந்தக் கடை என்று யாரும் சொல்லவில்லை, பக்கிரிசாமியும் கேட்கவில்லை, ஆனால் மனதில் எடுத்து வைத்திருந்தார்.

"எந்தப் பிள்ளை குமரா இது?"

"எது?"

"இந்தப் பாட்டில்ல இருக்கிற பிள்ளை. யாரு வீட்டுது? என்னா மருந்து குடுத்த அதுக்கு?"

இளங்குமரன் மூடியை எடுத்துப் பாட்டிலில் வைத்துத் திருகினார்.

"முப்பது வருஷமா உன் வீட்டுக்கு மாத்திரை என் கடையிலேருந்துதான் வருது" என்றார். "ஒன்னாவது பொய்யா இருந்துச்சா, பக்கிரி?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நீ கேட்ட விதத்துலயே பதில் இருக்கே. அப்புறம் நான் என்னத்தைச் சொல்ல." பாட்டிலை மேஜையிலேயே விட்டுவிட்டு அவர் மாடிப்படி இறங்கினார். முசே பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு ஓடினார், தெருமுனை வரைக்கும் போய்த் தனியாகத் திரும்பி வந்தார்.

மாடியில் நடந்தது மாடியிலேயே நிற்கவில்லை. பக்கிரிசாமி சொன்னார் என்றால் அதற்கு மேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள். இளங்குமரன் கடைக்கு எதிர்ச்சாரியில் இருந்த புது மருந்துக்கடையில் ஒரே வாரத்தில் வரிசை நின்றது. இளங்குமரன் காலையில் கடையைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, சாயங்காலம் சாத்தினார். அந்த வழியாகப் போகும்போது பக்கிரிசாமி சைக்கிளை வேகமாக மிதித்தார். தான் செய்தது சரி என்று நினைத்துக்கொண்டே மிதித்தார்.

இளங்குமரனுக்கு அடுத்த ஞாயிறு பக்கிரிசாமியின் முறை. மழை என்றார். அதற்கடுத்தது முழங்கால் என்றார். மூன்றாவது ஞாயிறு காரணம் சொல்ல வாயைத் திறக்குமுன் தனராஜ், "சார், உங்க முறை வந்து மூணு வாரம் ஆவுது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு முசேவைப் பார்த்தார்.

ஒன்றும் வாங்காத மனுஷனுக்கு என்ன பயம்? அதைத்தான் பக்கிரிசாமியும் தன்னையே கேட்டுக்கொண்டு மூன்று வாரம் தூங்காமல் கிடந்தார். ஊரில் ஒருத்தன் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்டவருக்குத் தன்னை மட்டும் விட்டுவிடத் தெரியவில்லை.

அவர் மனைவி தையல்நாயகி, எப்போதும்போல அந்த மாதத்துக் கவரைக் கொடுத்திருந்தாள். சம்பளம் வாங்கிய காலத்திலிருந்து அதுதான் ஏற்பாடு. சம்பளத்தை அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுவார், அவள் வீட்டுச் செலவுக்குப் போக விஸ்கிக்கென்று ஒரு கவரைத் திருப்பிக் கொடுப்பாள். பென்ஷனிலும் அப்படியே. அந்தக் கவரோடு சுப்புராயலு கடைக்குப் போய், போன சித்திரையின் அதே கிளென் டாரக்கை வாங்கி, தாளில் சுற்றி, ஞாயிறு பதினொரு மணிக்கு மேஜையில் வைத்தார். ஊற்றியதும் அவர்தான்.

எண்ணெய். மெல்லிய, மணமில்லாத, இரும்பில் போடுகிற எண்ணெய். பிறகு இரும்பு. நாக்கில் மாவுபோல ஒட்டுகிற சுண்ணாம்புத் தூள். கடைசியில் ஒரு பொட்டு, விரல் குத்தினால் வருகிற அளவுக்கு, இரத்தம்.

யாரும் அவசரப்படவில்லை. முசே இரண்டு தடவை உருட்டிக் குடித்தார், அவரையும் அறியாமல் மூன்றாவது தடவையும். "இரும்பு. எண்ணெய். சாக்பீஸ்" என்றார்.

"தராசு" என்றார் தனராஜ், வாயிலிருந்து நழுவியதுபோல. நழுவியதை அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எடை குறைந்த தராசில் சாக்பீசால் பெருக்கல் குறி போடுவது பக்கிரிசாமியின் வேலை என்பது எல்லாருக்கும் தெரியும். குறி போடாமல் விடுவதற்கு என்ன கொடுப்பார்கள் என்பதும் தெரியும்.

"நான் வாங்கினதில்ல" என்றார் பக்கிரிசாமி.

"நாங்க ஒன்னும் கேக்கலியே சார்."

அதுதான் அவரை உடைத்தது. அவர் இளங்குமரனைக் கேட்டார், அந்த அளவுக்காவது மதித்தார். இவர்கள் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து பக்கிரிசாமி தன்னைத் தானே சோதனை போட்டார். மிச்சமிருந்த விஸ்கியை ஒரு மருந்துச் சீசாவில் ஊற்றி எடுத்துக்கொண்டு, தான் தராசுகளுக்கு முத்திரை குத்திய கடைகளுக்கெல்லாம் போனார். திருநள்ளாறு ரோட்டில் பழைய இரும்புக் கடை, மார்க்கெட்டில் மூன்று மளிகைக்கடை, நெல் மண்டி. தராசின் நடுமுள்ளில் மூக்கை வைத்து மோந்தார், பிறகு சீசாவைத் திறந்து மோந்தார். கடைக்காரர்கள் நாற்காலி போட்டார்கள், பெரிய ஆய்வாளர் ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை என்று பயந்தார்கள், ஒரு வாரத்தில் விஷயம் தெரிந்ததும் நாற்காலி போடுவதை நிறுத்திவிட்டார்கள். எப்போதாவது, எங்காவது, கவனிக்காமல் ஒரு பழம், ஒரு டைரி, தீபாவளிக்கு ஒரு பெட்டி? தனக்குக் கீழே வேலை பார்த்த பியூன் தன் பேரைச் சொல்லி வாங்கி, அது சுற்றிச் சுற்றி வந்து? தூக்கத்தில் தராசுத் தட்டுகள் அவர் மார்பில் ஏறின.

தராசு பழுதுபார்க்கிற மாசிலாமணிதான் கடைசி. எழுபது வயது, காது கேட்காது, மூக்கு நன்றாக வேலை செய்தது. சீசாவை வாங்கி மோந்து, ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இது நம்ம எண்ணெய் இல்லிங்க" என்று சத்தமாகச் சொன்னார். "தராசுக்கு நாங்க போடுறது கெட்டி. இது தண்ணி மாதிரி ஓடுது. சின்னச் சின்னச் சக்கரத்துக்கு ஊத்துறது. கடியாரக்காரங்ககிட்டக் கேளுங்க."

கடிகாரக்காரரிடம் போகுமுன் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தார். சீசாவைக் கூடத்து மேஜையில் வைத்தவர் மூட மறந்துவிட்டார். தையல்நாயகி ஜன்னலோரம் மிஷினில் உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டுக்கோ கை பொருத்திக்கொண்டிருந்தாள். பல்லில் நூல் இருந்தது. பொழுதுபோக்குக்கு நாலு பேருக்குத் தைக்கிறாள் என்றுதான் அவர் எப்போதும் நினைத்திருந்தார், நினைத்தார் என்பதுகூட அதிகம். அந்தச் சத்தம் வீட்டில் மின்விசிறிச் சத்தம்போல இருந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவள் தலையை நிமிர்த்தினாள். ஒரு மூச்சு இழுத்தாள்.

"என்னாங்க அது?"

"ஒன்னுமில்ல. விஸ்கி. என் முறைக்கு வாங்கினது."

அவள் எழுந்து வந்து சீசாவை மூக்கருகே வைத்தாள். பல்லிலிருந்த நூலைத் துப்பினாள். "இது என் மிஷின் எண்ணெய்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், பிறகு மிஷினைப் பார்த்தார், அதன் பக்கத்தில் துணி குறியிடும் சுண்ணாம்புக் கட்டி கிடந்ததைப் பார்த்தார்.

"சம்பளக் கவரு இருபது தேதிக்கு மேல எந்த மாசமும் தாங்கினதில்லங்க" என்றாள் தையல்நாயகி. "ரெண்டு பிள்ளை படிப்பு, உங்க அம்மா ஆஸ்பத்திரி, வாடகை. நான் உங்களுக்குக் குடுத்ததெல்லாம் ஜாக்கெட்டுக் காசு. ஆரம்பத்துலேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டுடுவீங்க."

"விட்டா விட்டுட்டுப் போறேன்! ஊர்ல எல்லாரும் விஸ்கி குடிக்கணும்னு என்னா கட்டாயம்?"

அவள் உட்கார்ந்தாள். மடியில் கிடந்த ஜாக்கெட் கையை இரண்டாக மடித்தாள், பிரித்தாள்.

"தொண்ணூத்தாறுல அரிசி ஆலைக்காரர் ஆளு ஒருத்தர் வந்தாரே, ஞாபகம் இருக்கா? மஞ்சப் பை எடுத்துட்டு. நீங்க வாசல்ல நின்னு பேசினீங்க. நான் கதவுக்குப் பின்னாடி இருந்தேன். அவரு பையை நீட்டினப்ப நீங்க வேணாம்னு சொல்லல. 'அப்புறம் பாப்போம்'னு சொன்னீங்க."

பக்கிரிசாமிக்கு மஞ்சள் பை ஞாபகம் இருந்தது. அந்த ஆள் திரும்பிப் போன முதுகு ஞாபகம் இருந்தது. ஊரில் இருபது தடவையாவது அதைச் சொல்லியிருக்கிறார், திருப்பி அனுப்பினேன் என்று. என்ன வார்த்தை சொல்லி அனுப்பினார் என்பது மட்டும் வரவில்லை.

"மரியாதைக்குச் சொல்லியிருப்பேன்."

"இருக்கலாம்ங்க. அந்த வாரம் உங்களுக்கு ஒரு பாட்டில் ஆசை இருந்துச்சு. பேப்பர்ல விளம்பரத்தைக் கத்திரிச்சு வச்சிருந்தீங்க. எனக்குச் சந்தேகமா போச்சு. அடுத்த மாசத்துலேருந்து கவரு குடுக்க ஆரம்பிச்சேன். ஆசையை நான் தீத்து வச்சுட்டா, அப்புறம் எவன் பை எடுத்துட்டு வந்தாலும் உங்களுக்கு அது வேண்டியிருக்காது இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "வேற யாருக்கும் தெரியாதுங்க" என்றாள்.

அன்று அவர் சாப்பிடவில்லை. கோபம் வந்ததா என்றால் வந்தது. யார் மேல் என்று வைக்கத் தெரியாமல் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போய், முசேயிடமும் தனராஜிடமும் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னார். மஞ்சள் பையைச் சொல்லவில்லை. தனராஜ் எழுந்து நின்றுவிட்டார். முசே, "அப்ப இத்தனை வருஷமா உங்க முறையில நாங்க குடிச்சது அம்மா தைச்ச காசா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி ரோடு. ஞாயிறும் இளங்குமரன் கடை திறந்திருந்தது, ஆள்தான் இல்லை. பக்கிரிசாமி சைக்கிளை நிறுத்தி, கண்ணாடிக் கவுண்டரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார்.

"குமரா, மருந்துக்கடைக்காரன் காசுல காய்ச்சல் வாடை வராம வேற என்னா வரும்? எனக்கு அது தோணல."

"எனக்குத் தோணுச்சு" என்றார் இளங்குமரன், ஸ்டூலை விட்டு எழாமல். "அன்னிக்கே. சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

பக்கிரிசாமி யோசித்தார். "மாட்டேன்."

"அதான் சொல்லல."

பிறகு பக்கிரிசாமி தன் பிரஷர் மாத்திரை ஒரு பட்டை கேட்டார். இளங்குமரன் எடுத்துப் போட்டார். பக்கிரிசாமி அதை வெளிச்சத்தில் பிடித்துக் காலாவதித் தேதியைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் பார்த்தது தெரிந்தது. இளங்குமரனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆனாலும் அந்த வருஷம் முழுக்க அவர் மாடி ஏறவில்லை. பக்கிரிசாமி தினமும் காலை பத்து மணிக்கு, எதிர்க்கடையில் வரிசை நிற்கிற நேரம் பார்த்து, இந்தக் கவுண்டரில் எல்லாரும் பார்க்க நின்றார். வரிசையிலிருந்து ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டி வரத் தை பிறக்க வேண்டியிருந்தது.

அதற்குள் விஸ்கிக்கு விஸ்கியின் ருசி திரும்பிவிட்டிருந்தது. கார்த்திகை மழையில் ஒரு நாள் சாக்கு வாடை மெலிந்தது, மறுநாள் மணல் போனது, யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. பிராந்திக்குப் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்தார்கள். தாய்மாமன்மார்கள் மட்டும் வழக்கத்தை விடச் சம்மதிக்கவில்லை. ஐஸ் தொழிற்சாலையில் கையுறைகள் கிழிந்து, புதுசாக வந்தன.

கவர் நின்றுவிட்டது. தையல்நாயகி நிறுத்தவில்லை, பக்கிரிசாமிதான் வேண்டாம் என்றார். ஒரு பிற்பகல் அவள் மிஷினில் உட்கார்ந்திருக்க, அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் தைப்பதை அவ்வளவு கிட்டத்தில் இருந்து அவர் பார்த்ததில்லை. ஊசி அவள் விரலுக்கு நெல்லிடைத் தூரத்தில் இறங்கி ஏறியது.

"ஒன்னு கேக்கணும்" என்றார்.

"கேளுங்க."

"நீ அந்தக் கவரைக் குடுக்காம இருந்திருந்தா, நான் வாங்கியிருப்பேனா?"

அவள் உள்ளங்கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடலாமா என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. உண்மையிலேயே அதைத்தான் யோசித்தாள், முகத்தை அவர் பக்கம் திருப்பி, அவரை ஒரு துணியைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழ்வரை பார்த்து.

"தெரியலைங்க" என்றாள். "தெரிஞ்சிருந்தா எதுக்குக் குடுக்கப்போறேன்?"

சக்கரத்தை விட்டாள். மிஷின் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் அவர் இன்னும் ஏதோ கேட்டார். அவளுக்கு அது விழவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.